ஒரே கார்டில் இரண்டு நெட்வொர்க்: செக்அவுட் பக்கம் அதை எப்படிக் கையாள வேண்டும்?

பிரான்சில் ஒரு வங்கி கொடுத்த டெபிட் கார்டைக் கையில் எடுத்தால், பெரும்பாலும் அதில் இரண்டு சின்னங்கள் இருக்கும். ஒன்று விசா அல்லது மாஸ்டர்கார்டு. மற்றது நீலமும் பச்சையும் கலந்த பின்னணியில் 'சிபி' என்ற எழுத்துகள். கார்டு ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான், பின்னால் இருக்கும் வங்கிக் கணக்கும் ஒன்றுதான். பணம் போகும் பாதைகள் மட்டும் இரண்டு.

ஐரோப்பிய இணையக் கடைகளுக்குச் செக்அவுட், அதாவது பணம் கட்டும் பக்கம், கட்டிக் கொடுக்கும் டெவலப்பர்கள் சென்னையிலும் கோவையிலும் நிறைய உண்டு. அவர்கள் அடிக்கடி இடறும் இடம் இது. 'வாடிக்கையாளர் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்க வழி வேண்டும்' என்று கோரிக்கை வரும். கார்டு எண் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்தால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் அந்தத் தேர்வு அங்கேயே நின்றுவிடக் கூடாது. ஓடிபி கேட்கும் கட்டம், பணம் எடுக்கும் கட்டம், ரீஃபண்ட், அடுத்த மாதச் சந்தா என்று கடைசி வரை அது கூடவே போக வேண்டும். வழியில் எங்காவது ஒரு இடத்தில் அது தொலைந்தால்தான் 'நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை' என்ற வகைப் புகார்கள் கிளம்புகின்றன.

## முதலில் நான்கு பெயர்கள்

1. கார்டு கொடுத்த வங்கி. வாடிக்கையாளரின் வங்கி. பணம் இருக்கிறதா, கார்டு செல்லுமா என்று சொல்வது இதுதான்.
2. வணிகரின் வங்கி. கடைக்காரருக்காகக் கட்டணத்தை ஏற்று, பணத்தை அவர் கணக்கில் சேர்க்கும் வங்கி அல்லது நிறுவனம். பேமென்ட் கேட்வே இதற்கும் கடைக்கும் நடுவில் நிற்கும். சில இடங்களில் இரண்டும் ஒரே நிறுவனமாகவே இருக்கும்.
3. நெட்வொர்க். இந்த இரண்டு வங்கிகளுக்கும் இடையே செய்தியைக் கொண்டுபோவதும், விதிகளை வகுப்பதும், தகராறு வந்தால் தீர்க்கும் முறையை வைத்திருப்பதும் இதுதான். விசா, மாஸ்டர்கார்டு, ரூபே எல்லாம் நெட்வொர்க்குகள்.
4. இரட்டை நெட்வொர்க் கார்டு. ஒரே எண்ணை இரண்டு நெட்வொர்க்குகள் வழியாகவும் அனுப்பக்கூடிய கார்டு.

சிபி என்பது பிரான்சின் உள்நாட்டு நெட்வொர்க். பிரெஞ்சு வங்கிகள் ஒன்றுகூடி 1984-இல் இதற்கான அமைப்பை உருவாக்கின. உள்நாட்டில் எந்த வங்கியின் கார்டும் எந்தக் கடையிலும் செல்ல வேண்டும் என்பது நோக்கம். நாட்டுக்கு வெளியே போனால் சிபி செல்லாது. அதற்காகத்தான் பக்கத்தில் விசாவோ மாஸ்டர்கார்டோ ஒட்டியிருக்கிறது.

## தேர்வு யாருடையது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குமுறை 2015/751 இதற்கு அடிப்படை. வணிகரின் வங்கி, கார்டு கொடுத்த வங்கிக்குத் தரும் இடைக் கட்டணத்துக்கு இது உச்சவரம்பு வைத்தது: தனிநபர் டெபிட் கார்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம். இது 2015 டிசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. நமக்குத் தேவையானது அதன் 8-ஆவது பிரிவு. அது 2016 ஜூன் 9 முதல் அமலில் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால்:

1. நெட்வொர்க்கோ, வங்கியோ, கேட்வேயோ தேர்வை முடக்கும் தானியங்கி ஏற்பாடு எதையும் வைக்கக் கூடாது.
2. கடைக்காரர் தனக்குப் பிடித்த நெட்வொர்க்கை முன்னிருப்பாக, அதாவது வாடிக்கையாளர் எதையும் தொடாவிட்டால் தானாகப் பயன்படுவதாக, வைத்துக்கொள்ளலாம்.
3. வாடிக்கையாளர் அதை மாற்ற நினைத்தால் கடைக்காரர் தடுக்கக் கூடாது.
4. கடை ஏற்றுக்கொள்ளும் நெட்வொர்க்குகளுக்குத்தான் இது பொருந்தும். சிபி ஒப்பந்தமே இல்லாத கடை சிபியைக் காட்ட வேண்டியதில்லை.

இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பலர் இரண்டாவதோடு நிறுத்திக்கொண்டு, சர்வரில் 'எப்போதும் சிபி' என்று எழுதிவிடுகிறார்கள். அது முன்னிருப்பு ஆகாது. வாடிக்கையாளரின் கண்ணுக்கே படாத ஒன்றை அவர் எப்படி மாற்ற முடியும்?

இந்த விதி எல்லா நாட்டுக்கும் பொதுவானது என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டு டாட்-ஃபிராங்க் சட்டத்தின் வழியாக வந்த டெபிட் கார்டு விதி, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு நெட்வொர்க்குகளாவது ஒரு கார்டில் இயங்க வேண்டும் என்கிறது. இணையக் கட்டணத்துக்கும் இது பொருந்தும் என்ற தெளிவுரை 2023 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. ஆனால் எந்தப் பாதை என்று அங்கே முடிவெடுப்பவர் கடைக்காரர். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2024 மார்ச் 6 அன்று பிறப்பித்த உத்தரவு வேறொரு கட்டத்தைப் பற்றியது. கிரெடிட் கார்டு வாங்கும்போது அல்லது புதுப்பிக்கும்போது விசா வேண்டுமா, மாஸ்டர்கார்டு வேண்டுமா, ரூபே வேண்டுமா என்று வாடிக்கையாளரே கேட்டுப் பெறலாம் என்கிறது அது. அந்தத் தேர்வு கார்டு கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பிரான்சிலோ ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் அது உயிரோடு இருக்கிறது.

கடைக்காரருக்கு இதில் என்ன லாபம் என்ற கேள்வி வரும். 100 யூரோ டெபிட் கட்டணத்தில் இடைக் கட்டணம் எந்தப் பாதையில் போனாலும் 20 சென்ட்டைத் தாண்டாது. வித்தியாசம் வருவது நெட்வொர்க் தனக்காக வாங்கும் கட்டணத்தில். உள்நாட்டு நெட்வொர்க்கில் அது பொதுவாகக் குறைவு. ஆனால் கேட்வேயுடன் 'எல்லா கார்டுக்கும் ஒரே சதவீதம்' என்று ஒப்பந்தம் போட்டிருந்தால் அந்த வித்தியாசம் கடைக்காரர் கைக்கு வரவே வராது. முன்னிருப்பு எதுவாக இருக்க வேண்டும் என்று விவாதிப்பதற்கு முன்னால் ஒப்பந்தத்தை எடுத்துப் படிப்பது நல்லது.

## கார்டு எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

பெரும்பாலான பழைய செக்அவுட்களில் நெட்வொர்க்கைக் கண்டுபிடிப்பது ஒரு சிறிய நிபந்தனைப் பட்டியல்தான். 4-இல் தொடங்கினால் விசா. 51 முதல் 55 வரை, அல்லது 2221 முதல் 2720 வரை இருந்தால் மாஸ்டர்கார்டு. இந்தப் பட்டியலில் சிபிக்கு இடமே இல்லை. சிபி-விசா கார்டும் 4-இல்தான் தொடங்குகிறது. வெறும் விசா கார்டும் 4-இல்தான் தொடங்குகிறது. முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

இதே சிக்கல் நம் ஊரிலும் உண்டு. ஜப்பானின் ஜேசிபியோடு சேர்ந்து வரும் ரூபே கார்டுகள் 353, 356 என்று தொடங்குகின்றன. ஜேசிபியின் எல்லையோ 3528 முதல் 3589 வரை. முன்னொட்டுப் பட்டியலில் ஜேசிபி முதலில் எழுதப்பட்டிருந்தால், இந்திய வங்கி கொடுத்த ரூபே கார்டுக்கு ஜேசிபி சின்னம் தெரியும். ஜேசிபி ஏற்காத கடையாக இருந்தால் 'இந்தக் கார்டு செல்லாது' என்றுகூடச் சொல்லிவிடும். 65-இல் தொடங்கும் ரூபே கார்டுகளுக்கு அமெரிக்க நெட்வொர்க்கான டிஸ்கவரோடு இதே மோதல்.

சரியான வழி, கார்டு எண்ணின் முதல் 8 இலக்கங்களை வைத்து அட்டவணையில் தேடுவது. வங்கியைக் குறிக்கும் இந்த முன்பகுதி முன்பு 6 இலக்கமாக இருந்தது. 2017-இல் சர்வதேசத் தரம் திருத்தப்பட்டு 8 ஆனது. விசாவும் மாஸ்டர்கார்டும் 2022 ஏப்ரலில் இதற்கு மாறின. 6 இலக்கம் வரை மட்டுமே பார்க்கும் பழைய அட்டவணை இன்னும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நம்பினால், ஒரே 6 இலக்கத்தின் கீழ் வரும் இரண்டு வகைக் கார்டுகளை ஒன்றாகக் கலந்துவிடும்.

இந்த அட்டவணையை நீங்களே பராமரிக்க முயல வேண்டாம் என்பது என் கருத்து. வங்கிகள் புதிய எண் வரிசைகளைத் தொடர்ந்து சேர்க்கின்றன. கேட்வேயின் பாதுகாப்பான கார்டு கட்டத்தைப் பயன்படுத்தினால் அந்தத் தேடலை அதுவே செய்து, 'இந்தக் கார்டில் இவை உண்டு' என்று பட்டியலாகத் திருப்பித் தரும். முழு கார்டு எண் உங்கள் பக்கத்தின் ஸ்கிரிப்டுக்குத் தெரியாமலே வேலை முடியும். பாதுகாப்புத் தணிக்கையின் சுமையும் குறையும்.

ஆனால் எந்த அட்டவணையாலும் ஒன்றைச் சொல்ல முடியாது: இந்த முறை வாடிக்கையாளருக்கு எது வேண்டும் என்பதை. அதனால் டேட்டாபேஸில் நெட்வொர்க்கை கார்டின் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஒவ்வொரு கட்டணத்தின் பக்கத்திலும் வையுங்கள். மூன்று விவரங்கள் போதும்: எவையெல்லாம் கிடைத்தன, எது பயன்பட்டது, அதைத் தேர்ந்தது வாடிக்கையாளரா முன்னிருப்பா.

## எட்டாவது இலக்கம் விழுந்த பிறகு

1. தேடல் முடிந்து இரண்டு நெட்வொர்க்குகள் இருப்பது தெரிந்தால் மட்டுமே தேர்வைக் காட்டுங்கள். ஒற்றை நெட்வொர்க் கார்டு வைத்திருப்பவருக்கு இது தெரியவே வேண்டியதில்லை.
2. உங்கள் கடை ஏற்காத நெட்வொர்க்கைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். நாணயத்தையும் பாருங்கள். சிபி பாதை யூரோவுக்கானது. விலை பவுண்டிலோ டாலரிலோ இருந்தால் சிபியைக் காட்டிப் பயனில்லை.
3. முன்னிருப்பு எது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டு சின்னங்களும் ஒரே அளவில் இருக்கட்டும். ஒன்றைச் சாம்பல் நிறமாக மங்கவைப்பது, 'செல்லாது' என்று வாடிக்கையாளரை நினைக்கவைக்கும்.
4. சின்னத்தோடு பெயரையும் எழுதுங்கள். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளை நம்பியிருப்பவருக்குப் படம் மட்டும் போதாது. விசைப்பலகையாலேயே மாற்ற முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.
5. தேர்வைக் கட்டாயமாக்காதீர்கள். தொடாமல் விட்டால் முன்னிருப்பில் போகட்டும்.

இங்கே இரண்டு கோளாறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, பிரவுசரே கார்டு எண்ணை நிரப்பும்போது நடப்பது. 16 இலக்கங்களும் ஒரே மூச்சில் வந்து விழும். ஒவ்வொரு விசை அழுத்தத்தையும் எண்ணி, எட்டாவதில் தேடலைத் தொடங்கும் நிரலுக்கு அந்த எட்டாவது அழுத்தம் வரவே வராது. தேர்வும் காட்டப்படாது. கட்டத்தின் மதிப்பு மாறியதா என்பதைக் கேட்க வேண்டும், விசையை எண்ணக் கூடாது.

இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. வாடிக்கையாளர் சிபி-விசா கார்டின் எண்ணைத் தட்டி, விசாவைத் தேர்ந்தெடுக்கிறார். பிறகு மனம் மாறி எண்ணை அழித்துவிட்டு சிபி-மாஸ்டர்கார்டு எண்ணைத் தட்டுகிறார். பழைய 'விசா' தேர்வு மறைவான கட்டத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சர்வருக்குப் போவது மாஸ்டர்கார்டு எண், விசா நெட்வொர்க். கேட்வே மறுத்துவிடும். வாடிக்கையாளருக்கோ 'கார்டு நிராகரிக்கப்பட்டது' என்றுதான் தெரியும். எண் மாறினால் தேர்வையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தேட வேண்டும்.

## 84 யூரோ ஆர்டர் ஒன்றின் வழி

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் 84 யூரோ, இரண்டு பொருட்கள், 54 யூரோவும் 30 யூரோவும். கடையின் முன்னிருப்பு சிபி. வாடிக்கையாளர் அதை விசாவாக மாற்றுகிறார்.

முதலில் அடையாளச் சரிபார்ப்பு, அதாவது 3-டி செக்யூர். ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் இதற்குத் தனி அடைவுச் சர்வர் உண்டு: சரிபார்ப்புக் கோரிக்கையை கார்டு கொடுத்த வங்கிக்கு அனுப்பிவைப்பது அதுதான். சிபி தன்னுடையதை 'ஃபாஸ்டர் பை சிபி' என்ற பெயரில் நடத்துகிறது. விசாவுக்கு வேறு. வாடிக்கையாளர் தன் வங்கிச் செயலியில் ஒப்புதல் கொடுத்ததும், அந்தச் சர்வர் வழியாக ஒரு ரகசியக் குறியீடும், முடிவைச் சொல்லும் இரண்டு இலக்கக் குறியும் வரும். விசாவில் முழுச் சரிபார்ப்பு முடிந்ததற்கான குறி 05. மாஸ்டர்கார்டில் அதுவே 02. ஒரு நெட்வொர்க்கில் பெற்ற குறியீட்டை மற்றொன்றில் காட்ட முடியாது.

அடுத்து அங்கீகாரம்: 84 யூரோ இருக்கிறதா, ஒதுக்கி வை என்ற கோரிக்கை. பல நிரல்களில் தேர்வு தொலைவது இந்த இடத்தில்தான். சரிபார்ப்புக்குப் போன கோரிக்கையில் 'விசா' இருக்கும். திரும்பி வந்தபின் போகும் கோரிக்கையில் அதை எழுத மறந்திருப்பார்கள். கேட்வே உடனே கடையின் முன்னிருப்பான சிபியை எடுத்துக்கொள்ளும். விசா சரிபார்ப்போடு சிபி அங்கீகாரம் போய் நிற்கும். வங்கி மறுக்கலாம், மீண்டும் சரிபார்க்கச் சொல்லலாம். ஏற்றுக்கொண்டாலும், மோசடி நடந்தால் இழப்பு வங்கியுடையது என்ற பாதுகாப்பு கடைக்காரர் கையைவிட்டுப் போயிருக்கும். வாடிக்கையாளர் கேட்காத பாதையில் அவருடைய பணம் போனது அதற்கு மேல் ஒரு தவறு.

பிறகு பணத்தை எடுப்பது. 30 யூரோ பொருள் கையிருப்பில் இல்லை என்று தெரிகிறது. 54 யூரோ மட்டும் எடுக்கப்படுகிறது, மீதி ஒதுக்கீடு விடுவிக்கப்படுகிறது. அடுத்த வாரம் 54 யூரோ பொருளையும் திருப்பி அனுப்புகிறார், ரீஃபண்ட் போகிறது. இந்த மூன்றுமே அங்கீகாரம் போன விசா பாதையிலேயே போக வேண்டும். ரீஃபண்டைக் கார்டு எண்ணை வைத்துப் புதிதாகத் தொடங்காமல், முதல் கட்டணத்தின் அடையாளத்தை வைத்துத் தொடங்கினால் கேட்வே இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

## சேமித்த கார்டு, சந்தா, மொபைல் வாலட்

கார்டைச் சேமித்து வைக்கும்போது வாடிக்கையாளரின் விருப்பத்தையும் சேர்த்துச் சேமியுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது அதுவே முன்னிருப்பாக இருக்கட்டும். மாற்றவும் வழி இருக்கட்டும்.

சந்தாவில் கூடுதல் கவனம் தேவை. முதல் மாதம் வாடிக்கையாளர் நேரில் ஒப்புதல் கொடுக்கிறார். அந்தக் கட்டணத்துக்கு நெட்வொர்க் ஒரு அடையாள எண் தருகிறது. இரண்டாம் மாதம் முதல் அவர் இல்லாமலே பணம் எடுக்கும்போது, 'முன்பு ஒப்புதல் கிடைத்தது' என்பதற்குச் சாட்சி அந்த எண்தான். அது விசா கொடுத்தது என்றால் சிபிக்கு அதில் அர்த்தமில்லை. செலவைக் குறைக்கலாம் என்று நடுவில் சந்தாக்களை மொத்தமாக சிபிக்குத் திருப்பினால், மறுநாள் காலை மறுப்புகள் வரிசைகட்டி வரும். மாற்றத்தான் வேண்டும் என்றால், வாடிக்கையாளரை ஒருமுறை வரவழைத்து, புதிய நெட்வொர்க்கில் சரிபார்ப்பை மறுபடி முடித்த பிறகு மாற்றுங்கள்.

கார்டு எண்ணுக்குப் பதிலாக நெட்வொர்க் கொடுக்கும் டோக்கனைச் சேமித்தாலும் இதே கதை. விசா கொடுத்த டோக்கன் விசா பாதைக்குத்தான் உதவும்.

ஆப்பிள் பே போன்ற வாலட்களில் வேலை குறைவு. எந்தெந்த நெட்வொர்க்குகளை ஏற்கிறீர்கள் என்ற பட்டியலை நீங்கள் கொடுக்கிறீர்கள். அதில் சிபியைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். வாலட் திருப்பித் தரும் தகவலில் நெட்வொர்க்கின் பெயர் இருக்கும், அதையே பயன்படுத்துங்கள். வாலட்டுக்குள் இருக்கும் எண் கார்டில் அச்சிட்ட எண் அல்ல. அதை வைத்து நீங்கள் மறுபடி அட்டவணையில் தேடுவது தவறான விடையில்தான் முடியும்.

## மறுப்பு வந்தால் மற்றப் பாதையில் முயலலாமா?

கேட்கும்போது நல்ல யோசனையாகத் தெரியும். பெரும்பாலும் பயனில்லை. 'பணம் போதவில்லை' என்று வந்தால், பாதையை மாற்றினாலும் பின்னால் இருப்பது அதே கணக்குதான். 'கார்டு தொலைந்ததாகப் பதிவு' என்றாலும் அப்படியே. மற்றப் பாதை உதவக்கூடிய ஒரே இடம், நெட்வொர்க்கே பதில் சொல்லாமல் நின்றுபோகும் தொழில்நுட்பக் கோளாறு. அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. பதில் வரவில்லை என்பதற்காகப் பணம் ஒதுக்கப்படவில்லை என்று சொல்லிவிட முடியாது. முதல் கோரிக்கையை ரத்து செய்துவிட்டு அடுத்ததை அனுப்புங்கள். இல்லையென்றால் 84 யூரோ ஆர்டருக்கு 168 யூரோ முடங்கிக் கிடக்கும்.

நெட்வொர்க்கை வாடிக்கையாளரே தேர்ந்தெடுத்திருந்தால், அவரைக் கேட்காமல் மாற்றவே கூடாது. 'விசா வழியாக இப்போது முடியவில்லை. சிபி வழியாக முயலலாமா?' என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் சரிபார்ப்பிலிருந்து தொடங்குங்கள்.

## இதே அச்சு எல்லா நாட்டுக்கும் பொருந்தாது

டென்மார்க்கின் டான்கார்ட், விசாவோடு இணைந்து 4571 என்று தொடங்கும் எண்களில் வருகிறது. பிரெஞ்சு முறைக்கு இது நெருக்கமானது. பெல்ஜியத்தின் பான்கான்டாக்ட் அப்படி அல்ல. 6703-இல் தொடங்கும் அதன் பழக்கமான கார்டு எண் 17 இலக்கம் கொண்டது. 16 இலக்கத்தோடு நிறுத்திவிடும் கட்டத்தில் அது நுழையாது. சரிபார்ப்பும் வங்கிச் செயலி வழியாகவோ, கார்டைச் செருகும் சிறு கருவி வழியாகவோ நடக்கும். அதனால் பல கடைகள் அதைக் கார்டு படிவத்துக்குள் திணிக்காமல், கட்டண முறைகளின் பட்டியலில் தனிப் பொத்தானாகவே வைத்திருக்கின்றன. பெல்ஜியத்து வாடிக்கையாளரும் அந்தப் பெயரைத்தான் தேடுகிறார்.

## வெளியிடும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டியவை

ஸ்ட்ரைப் என்ற கேட்வேயைப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சோதனைச் சூழலில் இரண்டு எண்கள் கிடைக்கின்றன: சிபி-விசாவுக்கு 4000 0025 0000 1001, சிபி-மாஸ்டர்கார்டுக்கு 5555 5525 0000 1001. மற்ற கேட்வேகளும் இப்படித் தனி எண்கள் வைத்திருக்கும். அவற்றை வைத்து:

1. எதையும் தொடாமல் பணம் கட்டுங்கள். முன்னிருப்பில் போனதா?
2. மாற்றிக் கட்டுங்கள். சரிபார்ப்பு, அங்கீகாரம், பணம் எடுப்பு மூன்றிலும் அதே நெட்வொர்க்கா?
3. முதல் எண்ணைத் தட்டி, தேர்வை மாற்றி, அழித்து, இரண்டாவது எண்ணைத் தட்டுங்கள்.
4. பிரவுசரில் சேமித்த கார்டைக் கொண்டு நிரப்புங்கள்.
5. நாணயத்தை யூரோவிலிருந்து மாற்றுங்கள். சிபி மறைந்ததா?
6. சரிபார்ப்புப் பக்கத்தில் இருக்கும்போது பின்செல்லும் பொத்தானை அழுத்தி, தேர்வை மாற்றி, மறுபடி கட்டுங்கள்.
7. பகுதி ரீஃபண்ட் அனுப்பி, கேட்வேயின் அறிக்கையில் நெட்வொர்க் பத்தியைப் பாருங்கள்.

ஆறாவதை யாரும் எளிதில் நினைத்துப் பார்ப்பதில்லை. முதல் முயற்சியின் சரிபார்ப்புக் குறியீடு செஷனில் தங்கிவிட்டிருந்தால், இரண்டாவது முயற்சி அதை எடுத்துக்கொண்டு தவறான நெட்வொர்க்குக்கு ஓடும். தேர்வு மாறிய கணமே பழைய குறியீட்டை அழித்துவிடுங்கள்.